டபள் கெப்பை இரண்டு அங்குலம் உயர்த்திய பின்: மட்டக்களப்புக் கராஜ் ஒன்றின் வேலை பற்றிய மதிப்பீடு

டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபள் கெப் (இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்) ஒன்றுக்கு, முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம் தரும் சஸ்பென்ஷன் கிட் ஒன்றை மட்டக்களப்பு நகரை அண்மித்த ஒரு கராஜில் பொருத்தினேன். அந்த வேலையைப் பற்றிய மதிப்பீடு இது. கிட்டைப் பற்றிக் கொஞ்சமும், பொருத்தியவர்களைப் பற்றி அதைவிடக் கூடுதலாகவும், பொருத்திய பின் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி எல்லாவற்றையும்விட அதிகமாகவும் எழுதப்போகிறேன். ஏனெனில் நல்ல கிட்டும் நல்ல கைகளும் சேர்ந்த பின்னரும் வாகனத்தைத் திறப்போடு ஒப்படைத்த அந்தக் கடைசி மணித்தியாலத்தில்தான் இந்தக் கராஜ் தடுமாறியது. குறை சொல்லும் இடங்கள் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

விகோவை உயர்த்துவோர் இங்கே குறைவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய டபள் கெப் வைத்திருந்தவர்கள் அதை விற்பதை விட்டுவிட்டு அதற்கே செலவு செய்யத் தொடங்கினார்கள். என் தேவை பெரியதல்ல. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயலுக்கு விதைநெல்லும் உரமும் கொண்டுபோக வேண்டும். வரம்பு வெட்டிய இடங்களில் வயிறு தட்டக்கூடாது. வசதிப்படும்போது பாணமை தாண்டி உகந்தை வரையும், அங்கிருந்து குமண சரணாலயத்துக்குள்ளும் போய்வர வேண்டும். இதற்கு இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் முன்பக்கத்தில் மேல் ஆம் (சில்லைச் சேசியோடு இணைக்கும் இரும்புக் கை), டிஃப் (எக்சல்களின் நடுவே உள்ள பற்சில்லுப் பெட்டி) இறக்கும் கட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டிவரும்.

கிட் என்பதில் முன்பக்கத்துக்குப் புதிய கொயில் ஸ்பிரிங், பின்பக்கத்துக்குப் புதிய லீஃப் ஸ்பிரிங் கட்டு, நான்கு ஷொக், புஷ்கள், ஸ்பிரிங் கட்டைப் பின் எக்சலோடு பிடிக்கும் யூ போல்ட்கள் ஆகியவை அடங்கும். ஷொக்கின் தலையில் வைக்கும் வெறும் கட்டையைக் காட்டி, அதுவும் அதே உயரத்தைத் தரும் என்று பாதி விலைக்கு விற்பவர்களும் உண்டு. உயரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ஸ்பிரிங்கும் பழைய ஷொக்குமே தொடர்ந்து வேலை செய்யும். குழியில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’ என்று அடிக்கவும் கூடும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பின் ஸ்பிரிங்கைத் தெரிவுசெய்யும்போது கராஜ்காரர் நிரந்தரமாக எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டதும், “எப்போதாவது” என்று நான் சொன்னதும் கனமான ஸ்பிரிங் கட்டைத் தவிர்த்து நடுத்தரமானதைத் தந்ததும் இந்த மதிப்பீட்டில் அவருக்குரிய முதல் நல்ல புள்ளி. கனமான ஸ்பிரிங்கை வெறுமையான வாகனத்தில் போட்டால் கல்லடிப் பாலத்திலிருந்து ஆரையம்பதி போவதற்குள் முதுகு பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது நல்ல புள்ளி வேலைத்தளத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. வாகனத்தை ஜக்கில் ஏற்றுவதற்கு முன்பே, நான்கு சில்லுகளிலும் நடுமையத்திலிருந்து மட்கார்ட்டின் விளிம்பு வரை அளந்து, அந்த அளவுகளைச் சோக்கினால் சுவரில் எழுதினார்கள். தரையிலிருந்து அளப்பதில் பயனில்லை; டயரின் காற்று கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறிவிடும். பொருத்தி முடித்து, வாகனத்தைச் சிறிது தூரம் ஓட்டி ஸ்பிரிங்கை அமரவிட்ட பிறகு அதே நான்கு இடங்களையும் மீண்டும் அளந்தபோது இடதுக்கும் வலதுக்கும் இடையில் ஒரு விரல் தடிப்புக்கும் குறைவான வித்தியாசமே இருந்தது. சில கிட்களில் இடப்பக்க ஸ்பிரிங்கும் வலப்பக்க ஸ்பிரிங்கும் ஒரே நீளமல்ல. மாற்றிப் போட்டால் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். முதல் அளவு இல்லாமல் அந்தச் சாய்வு புதிதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் கராஜ் அளக்காவிட்டால் நீங்களே ஒரு டேப்போடு போய் அளந்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது புள்ளி புஷ்களைப் பற்றியது. இதை அவர்கள் சரியாகச் செய்தார்கள் என்பதே அந்தக் கராஜுக்கு மீண்டும் போகலாம் என்று நான் சொல்வதற்கு முக்கிய காரணம். முன் கீழ் ஆமிலும் லீஃப் ஸ்பிரிங்கின் கண்களிலும் இருக்கும் இறப்பர் புஷ்கள் சுழல்வதில்லை. நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு ஒட்டியபடி முறுகி வளைந்து கொடுப்பவை. வாகனம் ஜக்கில் தொங்கும்போதே அந்தப் போல்ட்களை இறுக்கிவிட்டால், சில்லு தரையில் பட்ட கணத்திலிருந்து அந்த இறப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருக்கும். ஓட்டம் விறைப்பாக இருக்கும், உயரமும் சற்றுக் கூடுதலாகக் காட்டும், சில மாதங்களில் இறப்பர் கிழியும். பழி கிட்டின் மேல் விழும். இவர்கள் போல்ட்களைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, வாகனத்தை இறக்கி, முன்னும் பின்னும் நாலைந்து தடவை அழுத்தி அசைத்த பின்னர், ஒருவர் அடியில் படுத்து டோர்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பனர்) இறுக்கினார். ஒவ்வொரு நட்டும் இறுகியதும், நட்டின் மேலிருந்து போல்ட்டின் நுனி வழியாக அடிப்பலகை வரை வெள்ளை வர்ணத்தால் ஒரே கோடாக இழுத்தார். நட் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தக் கோடு முறிந்து தெரியும். வயலுக்குப் போய்வந்த பிறகு டோர்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய யூ போல்ட்களைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே போட்டதும் சரி: ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது.

இதுவரை புகழ்ந்தேன். இனிக் குறை.

பாரம் ஏற்றாத விகோவில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த, சேசியில் ஒரு வால்வும் அதிலிருந்து பின் எக்சலுக்குப் போகும் மெல்லிய கம்பியும் இருக்கும்; எல்லா ஆண்டு வாகனங்களிலும் இல்லை, என்னுடையதில் உண்டு. பின்னால் பாரம் ஏற ஏற சேசி தாழும். கம்பி வால்வைத் தள்ளும். பின் சில்லுகளுக்குப் பிரேக் எண்ணெயின் அழுத்தம் கூடும். சேசியை இரண்டு அங்குலம் உயர்த்தும்போது அந்த வால்வுக்கு விளங்குவது ஒன்றுதான்: வாகனம் வெறுமை. எனவே முழு உர மூடைகளை ஏற்றியிருந்தாலும் பின் பிரேக் பாதி மனதோடுதான் பிடிக்கும், முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும், நிற்கும் தூரம் நீளும். தீர்வு சிறியது; உயர்த்திய அளவுக்கேற்பக் கம்பியின் பிடியை மாற்றும் ஒரு துண்டு இரும்புப் பலகை. கிட்டுக்குள் அது இருந்தது, பொலித்தீன் பையில், பிரிக்கப்படாமல். வாகனத்தோடு “மிச்சச் சாமான்” என்று அதை என் கையில் தந்தார்கள்! வெறும் வாகனத்தை ஓட்டிப் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் இது ஆபத்தான மறதி. நான் பையைக் காட்டிக் கேட்டதும் மன்னிப்போடு அன்றே பொருத்தித் தந்தார்கள். கேட்காமல் போயிருந்தால் அது வீட்டு அலுமாரியில்தான் கிடந்திருக்கும். ஒப்படைக்கும்போது மீந்திருக்கும் ஒவ்வொரு துண்டும் எதற்குரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கராஜ் வாசலைத் தாண்ட வேண்டாம்.

அதே பரிசோதனையோடு பிரேக் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். சேசியை ஜக்கில் தூக்கி, சில்லுகள் முழுமையாகத் தொங்கும் நிலையில் முன் ஹோஸ்கள் இரண்டும், பின் எக்சலுக்குப் போகும் ஹோஸும் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும்; முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இடக் கடைசிக்கும் வலக் கடைசிக்கும் திருப்பியும் பார்க்க வேண்டும். சில்லு வேகத்தை அளக்கும் சென்சர் வயர் இருந்தால் அதற்கும் இதே விதி. பின் டிஃப்பின் மூச்சுக்குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இழுபட்டுக் கழன்றால், சூடான டிஃப் தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே தண்ணீரையே உறிஞ்சும். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபட்டால் பின் பிரேக் எப்போதும் சற்று உரசிக்கொண்டே இருக்கும். ஓடி நிறுத்திய பின் பின் சில்லின் அருகே கையை வைத்தால் சூட்டிலேயே தெரியும். என் வாகனத்தில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன.

சில்லு எலைன்மென்ட்டை அந்தக் கராஜ் செய்வதில்லை. நகரில் வேறொரு இடத்துக்கு அனுப்பினார்கள். உயர்த்திய வாகனத்தில் மூன்று கோணங்களும் மாறும். டோ (மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறினால் டயரின் ஓரம் மரத்தூள் போல உதிரும், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சில்லின் சாய்வு) மாறினால் ஒரு பக்கம் தேயும். ஆனால் ஓட்டும்போது முதலில் கைக்குத் தெரிவது காஸ்டர்தான் (பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லு திரும்பும் அச்சின் பின்னோக்கிய சாய்வு). அது குறைந்தால், வளைவில் திரும்பிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. பொத்துவில் வீதியில் நீண்ட நேரான துண்டுகளில் வாகனம் மெல்ல மெல்ல அலைந்து, இரு கைகளாலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். விகோவில் காஸ்டரையும் கேம்பரையும் சரிசெய்வது கீழ் ஆமின் முன்னும் பின்னும் உள்ள, சுழற்றினால் ஆமைச் சற்று நகர்த்தும் கேம் போல்ட்களால்தான். இங்கேதான் எங்கள் ஊரின் உப்புக்காற்றுக் கணக்கு வந்து சேர்ந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிய வாகனத்தில் அந்தப் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவினால் ஒன்றாகிவிடும். நட் கழன்றாலும் போல்ட் அசையாது. எலைன்மென்ட் மேடையில் இருந்த வயதான மெக்கானிக் நீண்ட குழாய் ஒன்றை ஸ்பனரில் செருகி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “இது வராது மனே, வெட்டித்தான் எடுக்கணும், சும்மா டோவ மட்டும் வச்சி அனுப்ப என்னால ஏலாது” என்றார். மேடையில் ஏறிய வாகனத்தை அரைவேலையோடு அனுப்பாமல் அவர் மறுத்ததை நான் பெரிய சேவையாக மதிக்கிறேன். பின்னால் இருந்த இரண்டு போல்ட்களை வெட்டி, புதிய கேம் போல்ட்களும் புஷ்களும் போட்டு, குழாய்க்குள் கிரீஸ் பூசிய பிறகே கோணங்கள் தொழிற்சாலை அளவுக்குள் வந்தன.

ஆகவே கிட் வாங்கத் தீர்மானிக்கும் முன்பே உங்கள் கேம் போல்ட்கள் சுழல்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் செலவு கிட்டின் விலையில் எழுதப்பட்டிருக்காது. எலைன்மென்ட் முடிந்ததும், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் கொண்ட அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். இடக் காஸ்டரும் வலக் காஸ்டரும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு வாகனம் இழுக்கும். கேம் கடைசி எல்லை வரை திரும்பியும் காஸ்டர் போதாவிட்டால், வேறு கோணத்தில் செய்த மேல் ஆம் ஒன்றுதான் வழி. இரண்டு அங்குலத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை.

முன் எக்சல்களின் சீவி மூட்டு (சில்லு திரும்பும்போதும் ஏறி இறங்கும்போதும் அதைச் சுழற்றும் வளையும் மூட்டு) இப்போது முன்னைவிடக் கூடிய கோணத்தில் வேலை செய்கிறது. அதன் இறப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்றும், றிம்மின் உட்புறத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; திறந்த இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது ‘கட கட’ என்ற ஒலி வந்தால் மூட்டு ஏற்கனவே தேய்ந்தது என்று பொருள். பின்பக்கத்தில், இரண்டு துண்டாக வரும் புரொபெலர் ஷாஃப்டின் நடு பெயரிங் இன்னொரு சந்தேக இடம். நின்ற நிலையிலிருந்து பாரத்தோடு புறப்படும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்து, வேகம் கூடியதும் மறைந்தால் ஷாஃப்டின் கோணம் மாறியதே காரணம். பெயரிங்கின் பிடியைச் சற்றுத் தாழ்த்தினால் பெரும்பாலும் போய்விடும். எனக்கு மிக இலேசான நடுக்கம் உண்டு. பொறுத்துக்கொள்ளக்கூடியது என்பதால் தொடவில்லை.

ஹெட்லைட்டைக் கராஜில் ஒருவரும் பார்க்கவில்லை. முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக உயர்ந்தால், வெளிச்சம் மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் விழும். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை மாலையில் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த அந்த வீதியில் இதை அலட்சியம் செய்வது அடுத்தவரின் உயிரோடு விளையாடுவதாகும். சமதரையில் சுவருக்கு ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்தி, தாழ் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து சென்றிமீற்றர் கீழே விழும்படி திருகாணியைத் திருப்பினால் போதும். இதற்குக் கராஜ் தேவையில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருட்டும் போதும்.

டயரை நான் மாற்றவில்லை. உயரமான டயர் போட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 265/65ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். 265/70ஆர்17 இன் விட்டம் ஏறத்தாழ 803. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால், வேகமானி காட்டுவதைவிட நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உள் மட்கார்ட்டில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் டிஃப்பைத் தரையிலிருந்து உயர்த்துவது அந்த வித்தியாசத்தின் பாதியான ஏறத்தாழப் பதின்மூன்று மில்லிமீற்றர் மட்டுமே. சஸ்பென்ஷன் கிட் சேசியைத்தான் உயர்த்துகிறது, பின் எக்சலை அல்ல. கிட் போட்ட பின் மாரி காலத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் நிற்கும்போது துணிந்து இறங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் வாய் இரண்டு அங்குலம் உயர்ந்ததைத் தவிர, ஓடும் வெள்ளத்துக்கு எதிராக வாகனத்துக்கு எந்தப் பலமும் கூடவில்லை. பாரமையம் உயர்ந்திருப்பதால் சரிவில் புரளும் வாய்ப்புத்தான் கூடியிருக்கிறது.

இனி ஓட்டத்தைப் பற்றி. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கிறவல் பாதைகளில் வரிவரியாக எழும்பிய இடங்களைப் புதிய ஷொக் நன்றாகவே அடக்குகிறது. பழையதில் பின்பக்கம் ஒதுங்கி ஓடும், இதில் நேராக ஓடுகிறது. வெறும் வாகனத்தில் சிறிய குழிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன, பாரம் ஏற்றினால் அதுவும் இல்லை. உகந்தைக்கு அண்மித்த மணலில் கிட்டைவிட டயரின் காற்றைக் குறைத்ததே அதிகம் உதவியது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன் பம்பர் தட்டாதது மட்டும் கிட்டின் புண்ணியம். கல்முனைச் சந்தியில் திரும்பும்போது முன்னைவிடச் சற்றுச் சாய்வு தெரிகிறது, அதற்குப் பழக வேண்டும்.

பொருத்தியதிலிருந்து முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்குள் எல்லாப் போல்ட்களையும், குறிப்பாக யூ போல்ட்களையும் சில்லு நட்களையும், மீண்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தகடுகள் ஒன்றோடொன்று அமர்ந்துவிடுவதால் யூ போல்ட் தளர்வது இயல்பு. கராஜ் இதை இலவசமாகச் செய்து தந்தது, ஆனால் வரச்சொல்லி அவர்கள் அழைக்கவில்லை, நானே போனேன். யூ போல்ட்களில் இரண்டு ஏறத்தாழக் கால் சுற்று இறுகின. அதே வருகையில் அடிப்பக்கத்தின் புதிய போல்ட்களுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கச் சொல்லிப் பெற்றுக்கொண்டேன். இது அவர்களின் வேலைப்பட்டியலில் இல்லை. கடலோரக் கராஜ் ஒன்றுக்கு இருக்க வேண்டியது.

வேலைக்கு முழுமதிப்பெண்ணும் ஒப்படைப்புக்குப் பாதி மதிப்பெண்ணும் கொடுக்கிறேன். போகிறவர்கள் வாகனத்தை எடுக்கும் நாளில் அவசரமில்லாத ஒரு மாலையை ஒதுக்கி, வாகனத்தை மறுபடி ஜக்கில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுழிக்காமல் செய்கிறார்கள். பற்றுச்சீட்டில் “சஸ்பென்ஷன் வேலை” என்று மொட்டையாக எழுதாமல் ஸ்பிரிங், ஷொக் ஆகியவற்றின் பகுதி இலக்கங்களையும் எழுதி வாங்கி, அதன் பிரதி ஒன்றை உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதத்தோடு அனுப்பி, ஏற்றுக்கொண்டதற்கான பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.